பட்டியலில் விடுபட்ட எண்

(சென்ற ஆண்டு நம் முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போன மாதம் நம் செயலாளர் தம்பி போன் செய்தார். "அண்ணே, கணக்குப் பிரிவு சார்பா நீங்க ஒரு இருபது நிமிஷம் பேசணும்" என்றார். "கணக்கைப் பத்திப் பேசினா ஜனங்க எழுந்து போயிடுவாங்களே தம்பி" என்றேன். "பயப்படாதீங்க, உங்க பேச்சு முடிஞ்ச பிறகுதான் பிரியாணி" என்றார். ஆகவே இப்போது உங்களை நாற்காலியில் பிடித்து வைத்திருப்பது என் பேச்சுத் திறமை அல்ல. பின்கட்டில் ஆம்பூர் சமையற்காரர் தம் போட்டு வைத்திருக்கும் அண்டாதான். இந்த உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

நான் இந்தக் கல்லூரியில் 1978 முதல் 1981 வரை பி.எஸ்ஸி. கணிதம் படித்தவன். பேராசிரியர் ஆகவில்லை, ஆராய்ச்சியும் செய்யவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிஸ்பாட்ச் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். அட்டைப் பெட்டிகளை எண்ணுவதுதான் என் தொழில். அப்படிப்பட்டவன் கணிதத்தைப் பற்றி என்ன பேச முடியும் என்று யோசித்தேன். ஒரே ஒரு எண்ணைப் பற்றி மட்டும் பேசுவது என்று முடிவு செய்தேன்.

பேனா வைத்திருப்பவர்கள் அழைப்பிதழின் பின்பக்கம் எழுதிக் கொள்ளுங்கள். 2,93,31,86,25,600. அதாவது இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே, எண்பத்தாறு லட்சத்து, இருபத்தைந்தாயிரத்து அறுநூறு. யாருடைய பேங்க் பாக்கியும் அல்ல, பயப்பட வேண்டாம்.

இந்த எண்ணிடம் ஒரு நல்ல குணம் உண்டு. எல்லோரிடமும் ஒத்துப் போகும். 1 முதல் 22 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. நம்பாதவர்கள் சின்ன வகுப்பில் படித்த சூத்திரங்களை வைத்தே சோதிக்கலாம். இலக்கங்களைக் கூட்டுங்கள், 45 வரும். ஆகவே 9 வகுக்கும். வலது கோடியிலிருந்து ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டிக் கழியுங்கள், 11 வரும். ஆகவே 11 வகுக்கும். 23 மட்டும்தான் முதன்முதலில் தகராறு செய்யும். இந்த 23-ஐ ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு வருகிறது.

ஒரு எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களை வகுஎண்கள் என்கிறோம். 12-க்கு ஆறு வகுஎண்கள்: 1, 2, 3, 4, 6, 12. இதற்குக் கல்லூரிப் படிப்பு வேண்டாம், பேக்கிங்கில் நிற்கும் எந்தப் பையனுக்கும் தெரியும். 700 ஜோடிக்கு ஆர்டர் வந்தால் எங்களுக்கு முகம் சுளிக்கும். டஜன் டஜனாகப் பெட்டியில் போட்டால் 58 பெட்டி போக 4 ஜோடி தொங்கும். அதுவே 720 ஜோடி என்றால் சந்தோஷம். பன்னிரண்டாகப் போடு, பதினைந்தாகப் போடு, பதினாறாகப் போடு, எப்படிப் போட்டாலும் உடைபெட்டி கிடையாது. 700-க்கு 18 வகுஎண்கள். கொஞ்சமே பெரிய 720-க்கு 30 வகுஎண்கள். பெரிய எண் என்பதால் மட்டும் வகுஎண்கள் கூடி விடாது. எண்ணின் கட்டுமானத்தில்தான் விஷயம் இருக்கிறது.

இதை எனக்குப் புரிய வைத்தவர் ஆசிரியர் அல்லர். ஆசான்கள் மன்னிக்க வேண்டும். முதலாம் ஆண்டில் ஒரு நாள், 360-க்கு எத்தனை வகுஎண்கள் என்று சார் கேட்டார். நாங்கள் எல்லோரும் நோட்டில் ஒவ்வொன்றாக எழுதிக் கொண்டிருந்தோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "இருபத்திநாலு சார்" என்றான். அவன் பேரணாம்பட்டுக்காரன். அவன் அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். அவனும் லீவு நாளில் அங்கே போய்த் தோல் தரம் பிரிப்பான்.

மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக் கொண்டு எனக்கு விளக்கினான். "360-ஐ உடைச்சா மூணு ரெண்டு, ரெண்டு மூணு, ஒரு அஞ்சு. அவ்ளோதான் சரக்கு. இதுல இருந்து எடுத்து எடுத்துப் பெருக்குறதுதான் வகுஎண். ரெண்டை எத்தினி விதமா எடுக்கலாம்? ஒண்ணு எடுக்கலாம், ரெண்டு எடுக்கலாம், மூணு எடுக்கலாம். ஒண்ணுமே எடுக்காம வுடலாம். ஆக நாலு. மூணை எடுக்க மூணு விதம். அஞ்சை எடுக்க ரெண்டு விதம். நாமூணு பன்னெண்டு, பன்னெண்டு ரெண்டு இருபத்திநாலு. எல்லாரும் அந்த எடுக்காம வுடறதை எண்ண மறந்துடுவானுங்க. அதுதான்டா விஷயம்."

புத்தகத்தில் இது அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கும் சூத்திரமாக இருந்தது. ஏன் ஒன்று கூட்ட வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அன்றைய மதியம்தான்.

அவன் சொன்னபடி நம் பெரிய எண்ணை உடைப்போம். ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒரு முறை. ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டினால் 7, 5, 3, 3, பிறகு நான்கு 2. பெருக்கிப் பாருங்கள். 5040 வரும். இந்த எண்ணுக்கு 5040 வகுஎண்கள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இதுதான் இதன் பெருமை.

இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் வகுஎண் எண்ணிக்கையில் முந்துகிற எண்ணை மிகுபகு எண் என்று சொல்லலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று வரிசை போகும். ஒரு மணிக்கு 60 நிமிடம், ஒரு வட்டத்துக்கு 360 பாகை எல்லாம் இந்த வரிசையில் உள்ளவைதான். கிரேக்க அறிஞர் பிளாட்டோ தம் கற்பனை நகரத்துக்கு 5040 குடும்பங்கள் போதும் என்று எழுதி வைத்தார். எப்படி வேண்டுமானாலும் பங்கு பிரிக்கலாம் என்பதுதான் காரணம். அந்த 5040-ம் இந்த வரிசையில் உண்டு.

இந்த எண்களைப் பிடித்துக் கொண்டு இவற்றுக்கென்று ஒரு தனிச் சாஸ்திரமே செய்தவர் நம் ஊர்க்காரர். 1887-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், 1914-இல் கப்பலேறி, 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் இந்த எண்களைப் பற்றி அறுபது பக்கத்துக்கு மேல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த ஆராய்ச்சிக்காகத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பி.ஏ. பட்டம் கொடுத்தது. அவர் கையில் வாங்கிய முதல் பட்டமே அதுதான். கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும், பிறகு பச்சையப்பன் கல்லூரியிலும் படித்தும், அவர் எஃப்.ஏ. தேறவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

அவர் நிரூபித்ததில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் சொல்கிறேன். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அடித்தளம் அகலம், மேலே போகப் போக ஒடுக்கம். மிகுபகு எண்ணின் கட்டுமானமும் அப்படித்தான். 2, 3, 5, 7 என்று பகா எண்கள் நடுவில் ஒன்றைக்கூட விடாமல் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். கீழே உள்ளது அதிக முறை வரும், மேலே போகப் போக அதே அளவோ குறைவோதான் வரும், ஒருபோதும் கூடாது. உச்சியில் இருப்பது ஒரே ஒரு முறைதான் வரும். 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டும் இதற்கு விலக்கு. நம் எண்ணைப் பாருங்கள்: ஆறு, நான்கு, இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. சரியான கோபுரம்.

இந்தக் கட்டுரையில் அவர் ஒரு அட்டவணை கொடுத்திருக்கிறார். நூற்றுக்கும் மேற்பட்ட மிகுபகு எண்கள், வரிசையாக. கால்குலேட்டர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. இரண்டில் தொடங்கும் அந்த அட்டவணையின் கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடிக்கும் மேலே. அதற்கு 10,080 வகுஎண்கள். இன்று நம் பேரன் செல்போனில் தட்டினால் நொடியில் சொல்லி விடும். நூறு வருஷத்துக்கு முன்னால், கையால் கணக்குப் போட்டு இவ்வளவு தூரம் போனார் என்றால் அந்தப் பொறுமையை என்னவென்று சொல்வது!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களை எழுதிக் கொள்ளச் சொன்னேனே, 2,93,31,86,25,600. அது அந்த அட்டவணையில் இல்லை.

ஆமாம், விடுபட்டு விட்டது. அதற்கு முன்னால் வர வேண்டிய 2,40,94,02,99,600 இருக்கிறது, 4800 வகுஎண்களோடு. பின்னால் வர வேண்டிய 3,21,25,37,32,800 இருக்கிறது, 5376 வகுஎண்களோடு. நடுவில் 5040 வகுஎண்களோடு நிற்க வேண்டிய இது மட்டும் இல்லை. ராமானுஜனுடைய தேற்றங்களுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. சாஸ்திரம் சரி. பட்டியலில் ஒரு வரி போய்விட்டது, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்கு ராமானுஜன் மேல் மதிப்புக் குறையவில்லை, பாசம் கூடிற்று. ஏனென்றால் நானும் பட்டியல் போட்டுப் பிழைத்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 720 ஜோடிக்கு, பன்னிரண்டு பன்னிரண்டாக 60 பெட்டிக்குப் பேக்கிங் லிஸ்ட் டைப் அடித்தேன். வரிசையில் 59 பெட்டிகள்தான் அடித்திருந்தேன். 37-ஆம் எண் பெட்டி போய்விட்டது. ஆனால் கீழே மொத்தம் 720 ஜோடி, 60 பெட்டி என்று ஆர்டர் தாளைப் பார்த்துச் சரியாக அடித்து வைத்தேன். நான் மூன்று முறை படித்துப் பார்த்தேன். சூப்பர்வைசர் பார்த்தார். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். சென்னைத் துறைமுகத்தில் பெட்டியை இறக்கி எண்ணும்போதுதான் தெரிந்தது. சரக்கு ஒரு நாள் நின்றது. "பி.எஸ்ஸி. மேத்ஸ்னு சொல்லிக்காதய்யா வெளியில" என்று மேனேஜர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அன்று ஒன்று தெரிந்து கொண்டேன். பட்டியலில் தப்பாக எழுதினால் கண்ணில் படும். எழுதாமல் விட்டால் படவே படாது. இருக்கிற வரிகளை ஆயிரம் முறை சரிபார்த்தாலும் ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கும். இல்லாததைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பட்டியலை விட்டு வெளியே வந்து, பெட்டியைப் போய் எண்ண வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நேரம் நிறைய. இந்த எண்ணின் அக்கம்பக்கத்தாரையெல்லாம் உடைத்துப் பார்த்தேன். 23-ஐ ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? விடுபட்ட எண்ணுக்கு முன்னால் நிற்கிறவருடைய கோபுரமும், பின்னால் நிற்கிறவருடைய கோபுரமும் 23 வரை உயர்ந்திருக்கின்றன. இது மட்டும் 19-இலேயே நின்று விட்டது. பதிலாகக் கீழே 7-ஐ இரண்டு முறை வைத்துக் கொண்டு அகலமாக உட்கார்ந்திருக்கிறது. இதற்குப் பிறகு அட்டவணையின் கடைசி வரை வருகிற ஒவ்வொரு எண்ணிலும் 23 உண்டு. எல்லோரும் ஒரு படி மேலே போய்விட்ட காலத்தில், போகாமல் நின்றே தன் இடத்தைப் பெற்ற கடைசி எண் இது.

இன்னொன்றும் பார்த்தேன். விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினேன். 67,46,32,83,88,800 வந்தது. அதாவது ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண், அப்படியே! இரவு பதினொன்றரை மணி. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். இதை யாரிடம் சொல்வது? பேரணாம்பட்டுக்காரனுக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தான். பொறுமையாகக் கேட்டான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னான்: "அப்போ அது எங்கியும் தொலஞ்சு போவலடா. கடைசி நம்பருக்குள்ளயேதான் கீது."

அவனைப் பற்றிச் சொல்லி முடித்து விடுகிறேன். பிரியாணி வாசனை எனக்கும் வருகிறது.

1979-இல், இரண்டாம் ஆண்டு நடக்கும்போது அவன் அப்பா படுக்கையில் விழுந்தார். மூன்று தங்கைகள். அவன் சனிக்கிழமை வகுப்புக்கு வந்தான், திங்கட்கிழமை தோல் ஷாப்புக்குப் போய்விட்டான். அவ்வளவுதான் அவன் படிப்பு. அப்புறம் தோல் தரம் பிரிப்பதில் அவனைப் போல் ஆள் இல்லை என்று பெயர் வாங்கினான், தங்கைகளைக் கட்டிக் கொடுத்தான், அது வேறு கதை. நான் தேர்வு எழுதிய மூன்று வருஷமும் என் பகா எண்களுக்கு அவன்தான் வாத்தியார். தொட்டியடியில் நின்று, கைநிறையச் சுண்ணாம்போடு, எனக்கு எண்கணிதம் சொல்லிக் கொடுத்தவன்.

நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1981-ஆம் ஆண்டு பி.எஸ்ஸி. கணிதம். ஒவ்வொரு பெயரும் சரியாக இருக்கிறது. இனிஷியல் சரி, முகவரி சரி. எங்கள் வட ஆற்காடு மாவட்டமே பலமுறை வகுபட்டு, 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகி விட்டது. அதைக்கூடத் திருத்திப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அவன் பெயர் இல்லை. பட்டம் பெற்றவர்களைத்தான் சேர்ப்போம் என்பது விதி. அந்த விதிப்படி பார்த்தால், சீனிவாச ராமானுஜனைக் கும்பகோணத்திலும் சேர்க்க முடியாது, பச்சையப்பனிலும் சேர்க்க முடியாது.

யாரையும் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. விதி போட்ட கமிட்டியில் நானும் இருந்தேன். நானும் கையைத் தூக்கினேன். அன்று அவன் ஞாபகம் எனக்கு வரவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல். அவன் ஒருவன் மட்டுமா? இந்தப் பாலாற்றங்கரையில் அப்பாவுக்கு முடியவில்லை என்றும், தங்கைக்குக் கல்யாணம் என்றும் பாதியில் போன பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் இருந்திருப்பார்கள். நம் பட்டியலை எத்தனை முறை திருத்தினாலும் அவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். பழைய வருகைப் பதிவேடுகள் கல்லூரி அலுவலகத்தில் இருந்தால், அவற்றைப் புரட்டித்தான் எண்ண வேண்டும். அந்த வேலையை நான் செய்கிறேன். எண்ணுவது எனக்குப் பழக்கமான தொழில்தானே. ஒரு வருஷம் இந்தக் கல்லூரியில் படித்தவர்களையும் உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று ஒரு தீர்மானத்தை மாலைப் பொதுக்குழுவில் கொண்டு வருகிறேன். ஆதரிக்க வேண்டுகிறேன்.

அவன் பெயரை மேடையில் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். எங்கள் வருஷத்துக்காரர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்திருக்கும். இன்று காலை ஆம்பூரிலிருந்து என்னை வண்டியில் உட்கார வைத்துக் கொண்டு வந்தவனும் அவன்தான். "உள்ளே வாடா" என்றால், "டிகிரி முடிச்சவங்க கூடற எடத்துல எனக்கு இன்னாடா வேலை" என்கிறான். கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

நான் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. வரவில்லை. எங்கள் வருஷத்துக்காரர்கள் நாலு பேர் என்னோடு வாருங்கள். சேர்ந்து போய்க் கூப்பிட்டால் தட்ட மாட்டான். செயலாளர் தம்பியிடம் ஒரு வேண்டுகோள்: இலை போடும்போது ஒன்று கூடப் போடச் சொல்லுங்கள்.